அரைப் பேரும் அந்திக் கூலியும்

"கிறிஸ்தவம் துரைமாரோடு தோட்டத்துக்கு வந்த மதம், வெள்ளைத் துரை போனபின் அதற்கு அங்கு என்ன வேலை?" என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் நம்மைக் கேட்கின்றனர். கேள்வியில் பாதி உண்மை உண்டு. அதை மூடிமறைக்க நாம் வக்கீல்கள் அல்லர். 1854 இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் பணத்தையும் ஆதரவையும் பெற்றே இயங்கியது. அதன் பெயரே அதன் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால், கொண்டுவந்தவனின் பைக்குள் அடங்கிக் கிடக்கும் நூலா வேதாகமம்?

இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளுக்கு வாருங்கள். தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் பிரதேசம் இது. கொழுந்தானாலும் பாலானாலும் தராசு சொல்வதே தீர்ப்பு. குறித்த கிலோ குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்'. காய்ச்சலோடு மலையேறியவளுக்கும் அதுவே. இது கூலியை மட்டுமா குறைக்கிறது? ஆளையே பாதியாக்கிச் செக்ரோலில் எழுதும் வித்தை அன்றோ!

இதற்கெதிரே திராட்சைத் தோட்டத்து உவமையை வைத்துப் பாருங்கள். அந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு வேலைக்கு வந்தவனுக்கும் அங்கே முழு நாட்கூலி கிடைக்கிறது. பிரசங்க மேடையில் இதை மோட்சத்தின் கணக்காக்கிக் காது குளிரச் சொல்லிவிடுவர். கூலிக்கு அழைப்பாரின்றிச் சந்தையில் நின்றவனுக்கும் வீட்டில் பசித்த வயிறுகள் உண்டென்று அறிந்தவர் சொன்ன கதை அது. அதில் அரைப் பேர் கிடையாது. யாக்கோபின் நிருபமோ, பிடித்துவைத்த கூலியே கடவுளின் செவியில் கூக்குரலிடுவதாகக் கூறுகிறது.

இவ்வாறு வாசித்தவர்கள் இந்நாட்டில் இருந்தனர். இயேசு சபைக் குரு போல் கஸ்பஸ் 1972 இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவித் தோட்ட மக்களின் உரிமைக்காக எழுதினார், பேசினார். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள் அம்மக்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் தாக்கப்பட்டு அகதிகளானவர்கள். அவர்களுக்குப் பொறுமையைப் போதிக்க அவர் வேதத்தைத் திறக்கவில்லை.

மார்க்ஸின் அபினி வாக்கியத்தை நண்பர்கள் எடுத்துக்காட்டுவர். மதத்தை ஒடுக்கப்பட்டவனின் பெருமூச்சு என்றும் அவர் அதே பத்தியில் சொன்னதை விட்டுவிடுவர். (ஆசிரியர்களாவது முழுப் பத்தியையும் மாணவருக்குக் காட்டலாம்.)

ஆயினும் நம் வீட்டுக் குப்பையையும் நாமே கிளறவேண்டும். 1000 ரூபாய் நாட்கூலி 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. அதற்காகத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றபோது எத்தனை கோயில் மணிகள் அவர்களுக்காக ஒலித்தன? கூலி ஏறியதும் பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. பூசைக்கு வரும் கணக்கப்பிள்ளையிடம் அதுபற்றி ஒரு வார்த்தை கேட்ட குருமார் எத்தனை பேர்?

விசுவாசத்தைக் காக்க விரும்புவோர் கொழும்பிலிருந்து நாத்திக மறுப்பு நூல்களைத் தாராளமாக வெளியிடட்டும். அதற்கு முன், ஒருநாள் மாலை கொழுந்து மடுவத்தில் தராசருகே வந்து நிற்கட்டும். நம்மைக் கேள்வி கேட்ட நண்பர்களும் உடன் வரலாம். அங்கே இருவருக்கும் வேலை இருக்கிறது.