செத்த காலேஜும் என் அத்தை கேட்ட கேள்வியும்

பழைய மெட்ராஸ்காரங்க எழும்பூர் மியூசியத்துக்கு வெச்ச பேரு "செத்த காலேஜ்". அப்போ சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". பாடம் பண்ணின மிருகமும் எலும்புக்கூடும் இருந்தா செத்த காலேஜ், உறுமினா உயிர் காலேஜ். லாஜிக் கரெக்ட்தானே :-)

உயிர் காலேஜ் 1985-ல வண்டலூருக்குக் குடி போயிடுச்சு. செத்த காலேஜ் 1851-ல ஆரம்பிச்சு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா அந்தப் பட்டப்பேரு நம்ம மண்டையில அப்படியே தங்கிடுச்சுன்னு நினைக்கிறேன். எங்க ஆபீஸ்ல இருபது பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். சென்னையிலேயே பொறந்து வளர்ந்தவங்க உட்பட, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அப்புறம் மியூசியம் போனவங்க ரெண்டே ரெண்டு பேர். அதுல ஒருத்தர் காணும் பொங்கலுக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனவர். இதே ஆளுங்க ஆன்சைட் போனா லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸ்ல லூவர்னு வரிசையில நின்னு படம் எடுத்துப் போடறாங்க. தப்பில்லை, நல்லா பார்க்கட்டும். நம்ம ஊர்ல மட்டும் ஏன் போறதில்லைங்கறதுதான் என் கேள்வி.

"நேரம் இல்ல", "அங்க என்ன இருக்கு", "ஒரு தடவை பார்த்தாச்சே", இந்த மூணு பதில்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. முதல் ரெண்டை விட்டுடலாம். மூணாவதுதான் என்னைக் குடைஞ்சுது. ஒரு பாட்டை "ஒரு தடவை கேட்டாச்சே"ன்னு யாராவது சொல்வாங்களா?

நம்மளைக் கெடுத்தது அந்தப் பள்ளிக்கூடச் சுற்றுலான்னு நான் நம்பறேன். ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துக்கிட்டு, "தொடாதே, பேசாதே, நிக்காதே, நட"ன்னு ஒரு மணி நேரத்துல ஆறேழு கட்டிடத்தையும் ஒரு சுத்து சுத்தி, திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்து, புளிசாதம் சாப்பிட்டு பஸ் ஏறிட்டோம். மியூசியம்னா எல்லாத்தையும் பார்த்து முடிக்கணும்ங்கற எண்ணம் அன்னைக்கு உள்ள போனது. முடிச்சாச்சு, டிக் அடிச்சாச்சு, குளோஸ் பண்ணியாச்சு. நம்ம பொழப்புல டிக்கெட் குளோஸ் பண்ற மாதிரியே.

என் கட்சி இதுதான்: ஒரு தடவைக்கு மூணு பொருள். அதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொண்ணு முன்னாடியும் பத்து நிமிஷம் நிக்கணும். அப்புறம் வெளிய வந்து டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். நுழைவுச் சீட்டுக்கு மல்டிபிளக்ஸ்ல ஒரு பாப்கார்ன் கூட வராது, அதனால "கொடுத்த காசுக்கு எல்லாத்தையும் பார்த்துடணும்"ங்கற கணக்கும் தேவையில்லை.

பத்து நிமிஷத்துல என்ன தெரியும்னு கேட்பீங்க. எழும்பூர்ல இருந்தே மூணு சொல்றேன்.

முதல்ல, அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரையில இருந்த பௌத்த ஸ்தூபத்தோட சலவைக்கல் மாதிரி இருக்கற வெளிர் சுண்ணாம்புக்கல் வேலைப்பாடு. 1845-ல வால்டர் எலியட் தோண்டி மெட்ராசுக்கு அனுப்பினார். அதுல ஒரு பகுதி 1859-ல கப்பலேறி லண்டன் போச்சு, இன்னைக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. மிச்சம் நம்மகிட்ட. இதுல நளகிரி யானையை புத்தர் அடக்கற வட்டச் சிற்பம் ஒண்ணு இருக்கு. வேகமா பார்த்தா ஒரே கூட்டமா தெரியும். நின்னு பார்த்தா, யானை ரெண்டு தடவை வருது! ஒரு பக்கம் வெறி பிடிச்சு ஓடுது, ஜனம் சிதறுது. இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் காலடியில மண்டி போட்டிருக்கு. மேல ஜன்னல்ல இருந்து ஆளுங்க வேடிக்கை பார்க்கறாங்க. ஏறக்குறைய 1800 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆள் ஒரே வட்டத்துக்குள்ள ரெண்டு ஷாட் வெச்சு எடிட்டிங் பண்ணியிருக்கான். இதை நான் முதல் தடவை கவனிச்ச அன்னைக்கு வேற எதையும் பார்க்கத் தோணலை.

ரெண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். பாதி சிவன், பாதி உமைன்னு எல்லாருக்கும் தெரியும். கையை எண்ணிப் பாருங்க. மூணு. சிவன் பக்கம் ரெண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. நாலு வெச்சா கணக்கு சரியா வந்திருக்கும், சிலை கெட்டிருக்கும். அப்புறம் இடுப்பை மட்டும் பாருங்க. வலது பக்கம் நேரா இறங்கற கோடு, இடது பக்கம் வளையற கோடு. ரெண்டும் எங்கயுமே மோதிக்கலை. ஒட்டுப்போட்ட இடம் தெரியாத இண்டெக்ரேஷன்னா அதான்.

மூணாவது, திருவாலங்காட்டு நடராஜர். இதோட புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரான்சு சிற்பி ரோதான் சிவதாண்டவத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவர் செத்து நாலு வருஷம் கழிச்சு, 1921-ல அது அச்சாச்சு. கவனிங்க, அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வெறும் கறுப்பு வெள்ளைப் படம். அதை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கோணமா பார்த்து எழுதியிருக்கார். நமக்கு 29சி மாதிரி ஒரு பஸ் போதும்... போறதில்லை.

இன்னொரு சமாச்சாரமும் உண்டு. கோயில்ல உற்சவரைப் பார்த்தா பட்டும் மாலையும் நகையுமா முகம் மட்டும்தான் தெரியும். அது தரிசனம், அதுக்கு அப்படித்தான் இருக்கணும். மெழுகுல பிடிச்சு, மண் பூசி, மெழுகை உருக்கி வடிச்சு, உலோகத்தை ஊத்தி வார்த்தவனோட வேலையை முழுசா பார்க்கணும்னா மியூசியம்தான். பீடத்துல துளையும் வளையமும் இருக்கும் பாருங்க, தெருவுல ஊர்வலமா தூக்கிட்டுப் போகறதுக்குக் கட்டின இடம். அதைப் பார்த்தவுடனே சிலை நடக்க ஆரம்பிச்சுடும்.

சரி, இப்போ அத்தை மேட்டருக்கு வரேன்.

எங்க அத்தை கும்பகோணம் பக்கத்து கிராமம். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்துல ரெண்டு மணி நேரம் மிச்சமிருந்துச்சு. அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன் (எந்த ஊர்னு வேணாம், விடுங்க). ஐம்பொன் சிலை வெச்சிருந்த கூடத்து வாசல்ல அத்தை செருப்பைக் கழட்டிட்டாங்க. காவலாளி சிரிச்சார், ஒண்ணும் சொல்லலை. ஒரு பெருமாள் முன்னாடி நின்னு கும்பிட்டுட்டு என்கிட்ட கேட்டாங்க: "ஏண்டா, இது எந்த ஊரு சாமி?"

அட்டையைப் பார்த்தேன். "விஷ்ணு. உலோகம். 12-ஆம் நூற்றாண்டு." அவ்வளவுதான். 

"போடலை அத்தை."

"ஊர் பேரு கூடவா போட மாட்டாங்க? இவரு இல்லாம அந்த ஊர்ல திருவிழா எப்படி நடக்குது?"

என்கிட்ட பதில் இல்லை. காவலாளியைக் கேட்டேன், அவர் ஆபீசுல கேளுங்கன்னார். ஆபீசு பூட்டியிருந்துச்சு, அன்னைக்கு சனிக்கிழமை.

அத்தை ஏழாவது வரைதான் படிச்சவங்க. ஆனா ஒரு அருங்காட்சியகத்துல கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வியை அவங்கதான் கேட்டாங்க. எந்த ஊரு, இங்க எப்படி வந்துச்சு? இதை ஆங்கிலத்துல பெருசா ஒரு வார்த்தை வெச்சு சொல்றாங்க, அதுக்குன்னு பட்டப்படிப்பே இருக்கு. அத்தை வார்த்தை போதும்.

இந்தக் கேள்விக்கு என்ன விலைன்னு ஒரு உதாரணம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர். திருடு போய், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் கைக்குப் போய், 2008-ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிச்சு. ஊர் எது, எப்படி நாட்டை விட்டு வந்துச்சுங்கறதுக்கு வியாபாரி கொடுத்த காகிதம் எல்லாம் போலி. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க கோயில்ல எடுத்து வெச்சிருந்த பழைய போட்டோவோட ஒப்பிட்டப்போ குட்டு உடைஞ்சுது. 2014 செப்டம்பர்ல நடராஜர் திரும்பி வந்தார்.

வலைப்பதிவு எழுதற நமக்கு இதுல ஒரு கூடுதல் சந்தோஷம் உண்டு. இந்த மாதிரி சிலைகளை அடையாளம் காட்டற வேலையில முன்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர் எஸ். விஜயகுமார். கப்பல் கம்பெனி உத்தியோகம் பார்த்துக்கிட்டு, கோயில் சிற்பங்களைப் பத்தி ஆசைக்காக வலைப்பதிவு எழுதிக்கிட்டு இருந்தவர். தொல்லியல் பட்டம் வாங்கினவர் இல்லை. நிறைய பார்த்தவர், அவ்வளவுதான். உள்ளங்கையில ஒரு கீறல், பீடத்துல ஒரு உடைசல், இதையெல்லாம் கவனிக்கற கண் இருந்தா நாலு கண்டம் தாண்டியும் ஒரு சிலையை "இது எங்க ஊரு"ன்னு சொல்ல முடியும்.

அதனாலதான் மியூசியம் போறதை வெறும் பொழுதுபோக்குன்னு என்னால ஒதுக்க முடியலை. யாரும் பார்க்காத பொருள் காணாம போனா யாருக்கும் தெரியாது. கூடத்துக்கு ஒரு காவலாளி இருக்கலாம். ஆனா, "போன மாசம் இங்க இருந்த சிலை எங்கங்க?"ன்னு கேட்கற பத்து பேர் இருந்தா, அதை விடப் பெரிய பூட்டு கிடையாது.

இங்க ஒரு எதிர்க்கட்சி வாதமும் இருக்கு. "சாமியை கண்ணாடிப் பெட்டியில வெக்கறதே தப்பு, எல்லாத்தையும் கோயிலுக்கே கொடுங்க"ன்னு என் நண்பன் ஒருத்தன் சண்டைக்கு வருவான். திருடு போய் திரும்பினதுக்கு அவன் சொல்றது நியாயம், சொந்தக் கோயில் இருந்து பாதுகாப்பும் இருந்தா அங்கதான் போகணும். ஆனா எழும்பூர்ல இருக்கற பல படிமங்கள் மண்ணுக்கடியில கிடந்து, வீடு கட்டவோ வயல் உழவோ தோண்டும்போது கிடைச்சு, 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி அரசாங்கத்துக்கு வந்தவை. நாகப்பட்டினத்துல 1856-ல தொடங்கி கிடைச்ச 350 சொச்சம் பௌத்தப் படிமங்களை எந்த விகாரத்துக்குத் திருப்பிக் கொடுப்பீங்க? அந்த விகாரமே இல்லையே. அதுக்கெல்லாம் இன்னைக்கு வீடு மியூசியம்தான். கண்ணாடி முன்னாடி நின்னு கும்பிடறவங்களும் கும்பிடட்டும், ஸ்கெட்ச் போடறவங்களும் போடட்டும். இடம் ரெண்டு பேருக்கும் இருக்கு.

பழசு மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. ஆனா நவீன ஓவியம்னா நம்மாளுங்க பத்தடி தள்ளி நிக்கறாங்க. "இதை எங்க வீட்டுப் பொடியன் கூட கிறுக்குவான்"ங்கறது வழக்கமான டயலாக். ஈ.சி.ஆர். ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் இருக்கே, 1966-ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்கள் சேர்ந்து தங்களுக்குன்னு கட்டின கிராமம். பாத்திக் மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுல நிலம் வாங்கினாங்க. பணிக்கரோட "சொற்களும் குறியீடுகளும்" வரிசை ஓவியங்களைப் பார்த்தா படிக்க முடியாத எழுத்தா நிரம்பியிருக்கும், ஜாதகக் கட்டம் மாதிரி கோடெல்லாம் வரும். என்ன எழுதியிருக்குன்னு கேட்காதீங்க, எதுவும் எழுதலை. நம்ம தாத்தா வீட்டு ஓலைச்சுவடியை எடுத்து நாம முழிக்கறோமே, அந்த முழி இருக்கே, அதைத்தான் அவர் வரைஞ்சிருக்கார்னு எனக்குத் தோணுது. இது சரியான்னு எனக்கு யாரும் மார்க் போடப் போறதில்லை. அதான் ஓவியத்துல எனக்குப் பிடிச்ச விஷயமே.

கேலரி நடத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பேரு சொல்ல விரும்பாத ஒரு தனியார் கண்காட்சிக்கு சாதாரண செருப்பும் ஆபீஸ் ஐடி கார்டுமா போனேன். வாசல்ல இருந்தவர் மேலயும் கீழயும் பார்த்துட்டு "இன்விடேஷன் இருக்கா"ன்னார். பொதுமக்களுக்கு அனுமதி இலவசம்னு போஸ்டர்ல போட்டிருந்தது. உள்ள போயும் ஒரு வரி தமிழ் இல்லை. இப்படி வெச்சுக்கிட்டு "சென்னை மக்களுக்குக் கலை ரசனை இல்லை"ன்னு பேட்டி கொடுக்காதீங்கப்பா.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ்ல நாலு வரி: எந்த ஊரு, யாரு கண்டெடுத்தது, எந்த வருஷம் வந்துச்சு, எதைக் கவனிச்சுப் பார்க்கலாம். கோடிக்கணக்குல கட்டிடம் கட்டறதை விட இதுக்கு செலவு ரொம்ப கம்மி. புதுசா வர்ற இடங்கள்ல நல்ல மாற்றமும் தெரியுது. 2023-ல கொந்தகையில திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு ஜனம் குடும்பம் குடும்பமா போகுது. பொருள் அந்த மண்ணுலேயே இருக்கு, கதை நம்ம மொழியில இருக்கு. கூட்டம் வராம என்ன செய்யும்?

நம்ம பங்குக்கு ஒரு யோசனை. சினிமா விமர்சனம் எழுதறோம், ஹோட்டல் விமர்சனம் எழுதறோம். மாசம் ஒரு பொருள், உங்க ஊர் அருங்காட்சியகத்துல இருந்து, ஒரு பதிவு எழுதுங்க. மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, எங்க வேணா இருக்கட்டும். எந்த ஊர், எப்படி வந்துச்சு, நீங்க என்ன பார்த்தீங்க. அட்டையில ஊர் பேரு இல்லைன்னா விசாரிச்சு எழுதுங்க. அத்தை பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க.

டிஸ்கி: எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை போய் நின்னுட்டு பின்னூட்டத்துல என்னைத் திட்டாதீங்க :-)