வறண்டு போகாத கோழி பர்கர்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கூட்டுக் குடும்பத்தில் வாழும் சகோதரி ஒருவர் அதை எழுதியிருந்தார். அவருடைய மாமனாருக்கு இதய நோய். ஆட்டுக்கறியைக் குறைத்துக்கொண்டு, தோல் நீக்கிய கோழிக்கறியை உண்ணும்படி மருத்துவர் கூறிவிட்டார். பெரியவரோ இளமை முதல் கைமா உருண்டையும் கபாபும் விரும்பி உண்டு பழகியவர். பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம் பர்கர் வேண்டுமென்று அடம் பிடிக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் பொருந்தட்டும் என்று எண்ணிய அச்சகோதரி, கோழியின் நெஞ்சுக்கறியை அரைத்து, வட்டமாகத் தட்டிச் சுட்டுப் பன்னின் நடுவே வைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் தக்காளி சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு தின்று முடித்தனர். பெரியவர் இரண்டு வாய் மென்றார், தண்ணீர் குடித்தார், "பசியில்லை, மகளே" என்று கூறி எழுந்துவிட்டார்.

"அது வைக்கோலைப் போல் வறண்டிருந்தது என்பது எனக்கும் தெரியும். அவர் ஒரு குறையும் சொல்லவில்லையே, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று அக்கடிதம் முடிந்திருந்தது.

நோய் காரணமாக உணவைக் கட்டுப்படுத்திக்கொண்ட முதியவர்கள் பலர் இப்படித்தான் வாய் திறவாமல் தட்டை விட்டு எழுந்துவிடுகிறார்கள். நாளடைவில் அவர்கள் உண்ணும் அளவு குறைகிறது, உடல் தளர்கிறது. ஆகவே கொழுப்புக் குறைந்த கறியை ஈரம் குன்றாமல் சமைப்பது எவ்வாறு என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது. பர்கருக்குச் சொல்லப்படும் இம்முறை, கோழிக் கட்லெட்டுக்கும் கபாபுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வறட்சி எங்கிருந்து வருகிறது?

தோல் நீக்கிய பச்சை நெஞ்சுக்கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீரே உள்ளது. 100 கிராமுக்கு 22 அல்லது 23 கிராம் புரதமும், 2 அல்லது 3 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. கொழுப்பு மிகுந்த ஆட்டுக் கைமாவைச் சுடும்போது, தண்ணீர் ஓரளவு வெளியேறினாலும் உருகிய கொழுப்பு கறியின் இடுக்குகளில் தங்கி, மெல்லும்போது வழவழப்பைத் தருகிறது. அதனால் சமைப்பவர் சற்றுக் கவனம் தவறினாலும் அந்தக் கறி அதைப் பொறுத்துக்கொள்ளும். நெஞ்சுக்கறிக்கு அத்தகைய துணை கிடையாது. அதிலுள்ள தண்ணீர் போய்விட்டால் எஞ்சுவது வெறும் நார்தான்.

கறியில் சூடு ஏற ஏற, அதன் புரதங்கள் சுருங்கித் தம்முள் இருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. ஈரத்துணியை முறுக்குவது போன்றது இது. 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இச்சுருக்கம் தொடங்கிவிடுகிறது. 65 டிகிரிக்கு மேல் அது விரைவாகிறது. 80 டிகிரியைத் தாண்டினால் கறி பெரிதும் வறண்டு போகிறது. தோசைக்கல்லில் 'சொர்ர்' என்று எழும் ஓசை, கறியிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஆவியாகும் ஓசையே.

அப்படியானால் அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. கோழிக்கறியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் முதலிய கிருமிகள் இருக்கக்கூடும். முழுத்துண்டுக் கறியில் அவை பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கறியை அரைத்துவிட்டால் மேற்பரப்பில் இருந்தவை உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. எனவே கைமாவாக்கிய கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டியே ஆகவேண்டும். முதியவர்கள், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள் உண்ணும் வீட்டில் இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

ஆக, 74 டிகிரியை எட்டவும் வேண்டும், அதைக் கடந்து வெகுதூரம் போய்விடவும் கூடாது. இந்தக் குறுகிய இடைவெளியில் கறியின் ஈரத்தைக் காப்பதற்கு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளை முன்னதாகவே அதில் சேர்த்துவிடுவதுதான் வழி.

முன்னோர் கண்ட உபாயம்

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. நம் இல்லங்களில் ஷாமி கபாப் செய்யும்போது கறியோடு கடலைப்பருப்பைச் சேர்த்து வேகவைத்து அரைக்கிறோம் அல்லவா? அந்தப் பருப்பு கறியை ஒன்றுசேர்த்துப் பிடிப்பதோடு ஈரத்தையும் காக்கிறது. துருக்கியர் தம் கோஃப்தாவில் பழைய ரொட்டியைச் சேர்ப்பர். ரஷ்யாவில் தோர்ழோக் என்னும் ஊரிலிருந்த பொழார்ஸ்கி என்பவரின் விடுதி, கட்லெட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது. கவிஞர் புஷ்கின் 1826இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவ்விடுதியின் பெயரால் இன்றும் வழங்கும் கோழிக் கட்லெட்டில் பாலில் ஊறிய ரொட்டி பெரும்பாலும் இடம்பெறுகிறது.

ரொட்டியிலுள்ள மாவுச்சத்து பாலை உறிஞ்சிக் கூழாகிறது. அக்கூழ் கறித்துகள்களுக்கு இடையே படர்ந்து, புரதங்கள் ஒன்றோடொன்று இறுகிவிடாமல் தடுக்கிறது. கறி வெளியேற்றும் சாற்றையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டிய உதவி இதுவே.

தேவையான பொருள்கள்

கோழிக் கைமா அரை கிலோ (நெஞ்சுக்கறி பாதி, தோல் நீக்கிய தொடைக்கறி பாதி). ஓரம் நீக்கிய ரொட்டித் துண்டுகள் 2. பால் 4 மேசைக்கரண்டி. பெரிய வெங்காயம் 1. எண்ணெய் 2 தேக்கரண்டி. உப்பு முக்கால் தேக்கரண்டி. மிளகுத்தூள் 1 தேக்கரண்டி. இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி. பச்சை மிளகாய் 2. பொடியாக அரிந்த மல்லித்தழை, புதினா ஒரு பிடி. இவ்வளவில் 6 பர்கர்கள் செய்யலாம்.

தொடைக்கறியில் நெஞ்சுக்கறியைவிடக் கொழுப்பு சற்றே அதிகம். அந்தச் சிறு வேறுபாடே மென்மையைத் தரப் போதுமானது. மருத்துவர் நெஞ்சுக்கறி மட்டுமே உண்ணச் சொல்லியிருந்தால் அதை மட்டுமே பயன்படுத்தி, ரொட்டியை மூன்று துண்டுகளாகவும் பாலை 6 மேசைக்கரண்டியாகவும் கூட்டிக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கோதுமை ரொட்டியை எடுத்துக்கொள்ளலாம். அல்லது வேகவைத்து மசித்த கடலைப்பருப்பை அரைக் கோப்பை சேர்க்கலாம்.

செய்முறை

கைமாவை நம்பிக்கையான கடையில், உங்கள் கண்ணெதிரிலேயே தோல் நீக்கி அரைத்து வாங்குங்கள். வீட்டில் அரைப்பதானால் கறியைச் சிறு துண்டுகளாக்கி, குளிர்சாதனப் பெட்டியில் நன்கு குளிரவைத்து, மிக்சியை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். விழுதாகிவிட்டால் பர்கர் ரப்பரைப் போலாகிவிடும். அரைத்த கறியைக் கழுவ வேண்டாம். கழுவினால் ஈரம் தாறுமாறாகிவிடும், தெறிக்கும் நீரோடு கிருமிகளும் அடுக்களை முழுதும் பரவும்.

ரொட்டியைப் பிய்த்துப் பாலில் 5 நிமிடம் ஊறவைத்து, கையால் மசித்துக் கூழாக்குங்கள். வெங்காயத்தை மிகப் பொடியாக அரிந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, முழுவதும் ஆறவிடுங்கள். பச்சை வெங்காயத்தைச் சேர்த்தால் அது கல்லின் மேல் நீர்விட்டு வட்டத்தைப் பிளந்துவிடும்.

இப்போது கைமா, ரொட்டிக் கூழ், வெங்காயம், உப்பு, மிளகு, விழுது, மிளகாய், தழைகள், மீதி எண்ணெய் ஆகியவற்றை ஒன்றாக இட்டு விரல்களால் கலக்குங்கள். உப்பு கறியின் புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்துப் பசைத்தன்மை தருகிறது. அப்பசையும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆதலால் உப்பைக் கடைசியில் மேலே தூவாமல் உள்ளேயே கலந்துவிடுங்கள். கலவை லேசாக ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பரோட்டா மாவைப் போல் அடித்துப் பிசைந்தால் கறி இறுகிவிடும்.

ஆட்டுக்கறிக் கபாபுக்குப் பப்பாளிக்காய் சேர்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. கோழிக் கைமாவுக்கு அது வேண்டாம். மென்மையான கறியை அது மேலும் சிதைத்து மாவைப் போல் குழைத்துவிடும்.

கலவையை ஆறு பங்காக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, முக்கால் அங்குலக் கனத்தில் தட்டுங்கள். நடுவில் பெருவிரலால் ஒரு சிறு பள்ளம் இடுங்கள். வேகும்போது நடுப்பகுதி புடைத்து மேலெழாமல் சீராக வேகும். பிறகு அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வட்டங்கள் உடையாமல் திருப்ப வரும்.

அடுப்பின் முன் நிற்கும்போது

கனமான தோசைக்கல் அல்லது அடிகனத்த வாணலியை நடுத்தரத் தீயில் சூடாக்கி, சிறிது எண்ணெய் தடவி வட்டங்களை இடுங்கள். முதல் பக்கம் பொன்னிறமாகும் வரை, ஏறத்தாழ 5 நிமிடம், அசைக்காதீர்கள். திருப்பியதும் தீயைக் குறைத்து, கல்லின் ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். உள்ளே எழும் ஆவி வட்டத்தின் மேற்பகுதியையும் வேகவைக்கும். மேலே காய்ந்துபோகாமலும் காக்கும். இன்னும் 4 முதல் 6 நிமிடத்தில் வெந்துவிடும்.

தோசைத் திருப்பியால் வட்டத்தை அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வாறு அழுத்தும் ஒவ்வொரு முறையும், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த சாறு கல்லில் வழிந்து ஆவியாகிவிடுகிறது. திருப்பியைத் திருப்புவதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நன்று. அதன் முனையைப் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செலுத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்டியதும் உடனே இறக்கிவிடுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள், எல்லாவற்றிலும் கனமான வட்டத்தை நடுவில் பிளந்து பார்க்க வேண்டும். பச்சைக் கறியின் பளபளப்போ இளஞ்சிவப்போ சிறிதும் இருக்கக் கூடாது. சாறு தெளிவாக இருக்க வேண்டும். ஐயமிருந்தால் மூடியிட்டு மேலும் இரண்டு நிமிடம் வேகவிடுங்கள். ரொட்டியும் பாலும் சேர்ந்திருப்பதால் அந்த இரண்டு நிமிடத்தில் பர்கர் பாழாகிவிடாது.

இறக்கியதும் 4 நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுங்கள். அதற்குள் உள்ளிருக்கும் சாறு சற்றுத் தடித்து அமைந்துவிடும்; கடித்தவுடன் வழிந்து பன்னை நனைக்காது.

பத்தியம் கெடாமல் இருக்க

இத்தனை பாடுபட்டுக் கொழுப்பைக் குறைத்துவிட்டு, மேலே வெண்ணெயும் சீஸும் மயோனைசும் வைத்தால் எல்லாம் வீண். அவற்றுக்குப் பதிலாகக் கெட்டித்தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, புதினாவும் பூண்டும் சிறிது சேர்த்துத் தடவுங்கள். வெள்ளரி, தக்காளி வட்டங்கள் வைத்தால் வாய்க்குக் குளிர்ச்சி. கடையில் வாங்கும் சாஸில் உப்பும் சர்க்கரையும் மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். பல் இல்லாத முதியவர்களுக்குப் பன் எதற்கு? இதே வட்டத்தைச் சிறியதாகத் தட்டிச் சுட்டு, குழைந்த சோற்றோடும் ரசத்தோடும் கொடுக்கலாம்.

பச்சைக் கலவையைத் தொட்ட கையையும் பாத்திரத்தையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே பன்னையும் காய்களையும் தொட வேண்டும். தட்டிவைத்த வட்டங்கள் மிஞ்சினால் ஒரு நாளுக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திராமல் சமைத்துவிடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை: உங்கள் கைப்பக்குவத்தில் குறையொன்றும் இல்லை. ஆட்டுக்கறிக்குப் பழகிய கை, கோழிக்கறியையும் அதே தீயில் வைத்துவிட்டது, அவ்வளவே. இம்முறை பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன், முதல் வட்டத்தை மாமனாரின் தட்டில் வையுங்கள். "எப்படி இருக்கிறது, மாமா?" என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். குறை இருந்தால் அவர் மனம்விட்டுச் சொல்லட்டும். சொன்னால்தானே அடுத்த முறை திருத்திக்கொள்ள முடியும். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.