ஊரா, காலனியா?

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர் என்று கேட்பார். சொல்வோம். ‘அட, நம்ம பக்கம்தான்’ என்று முகம் மலரும். அடுத்த கேள்வி உடனே வரும்: ‘ஊருக்குள்ளயா, காலனியா?’ சாதியைக் கேட்டதாக அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். இடத்தைத்தானே கேட்டார்!

எனக்கு முப்பத்திரண்டு வயது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது, எங்கள் மாவட்டத்துக்காரரான ஒரு வீட்டுக்கார அம்மாவும் இதையேதான் கேட்டார். ‘காலனிங்கம்மா’ என்றேன். ‘வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன் தம்பி’ என்றார். மூன்று வருடமாகக் கலந்துகொண்டிருக்கிறார்.

இதில் வேடிக்கை, அந்த வீடு இருந்ததே ஒரு காலனியில்தான். தெரு முனையில் பெரிய வளைவு, அதில் வங்கி ஊழியர் காலனி என்று எழுத்து. டெல்லியில் டிஃபென்ஸ் காலனி என்றால் பணக்காரர்களின் முகவரி. ரயில்வே காலனி, மின்வாரியக் காலனி என்று சொல்லிக்கொள்ள யாரும் கூசுவதில்லை. அங்கெல்லாம் காலனிக்கு முன்னால் ஒரு வேலையின் பெயர் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் வெறுமனே ‘காலனி’ என்றால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நான் இதை வரவேற்கிறேன். ‘பேரை மாத்தினா சாதி போயிடுமா?’ என்று உடனே நக்கல் செய்தவர்களில் பலர், முகவரியே சாதிச் சான்றிதழாக இருக்கும் ரேஷன் கார்டை எங்கும் நீட்டிப் பழகாதவர்கள். ஆறாம் வகுப்பில் சேரப் போனபோது என் படிவத்தை வாங்கியவர் முகவரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது. ‘சேரி’ என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் உண்டு, கம்மாணச்சேரியும் உண்டு, கோயில் பெண்டுகள் குடியிருந்த தளிச்சேரியும் உண்டு. பிறகு அந்தச் சொல் ஒரு மக்கள்மீது மட்டும் ஒட்டிக்கொண்டு வசையாகவே மாறியது. (வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் பெயரின் கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.) சேரி கௌரவமாக இல்லை என்றுதான் காலனி வந்தது. அதுவும் கறைபட்டுவிட்டது. அடுத்து வரும் நகரோ குடியிருப்போ எத்தனை ஆண்டு தாங்கும்?

காலனியின் பிறப்பைத் தேடிப் போனால் ஒரு கசப்பான தகவல் கிடைக்கிறது. இலத்தீனில் ‘கொலோனஸ்’ என்றால் உழவன். ‘கொலோனியா’ என்பது உழுது பிழைப்பதற்காக மக்களைக் குடியமர்த்திய இடம். ரோமானியர்கள் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து இப்படிப்பட்ட குடியிருப்புகளை அமைத்தார்கள். ஆக, நிலத்தோடு பிறந்த சொல் இது. இங்கே வந்தபோது, தலைமுறை தலைமுறையாக உழுதும் நிலமில்லாதவர்கள் வசிக்கும் இடத்துக்குப் பெயராகியிருக்கிறது.

இதில் அரசின் கை உண்டு என்பதை அந்த அறிவிப்பைப் பற்றிப் பேசிய பலரும் விட்டுவிட்டார்கள். பழைய சேரிகள் சாதி வகுத்தவை. ஆனால் காலனிகளில் பெரும்பாலானவை அரசு நிலம் எடுத்து, அளந்து, தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தவை. தாழ்த்தப்பட்டோர் வீட்டுமனைக்கு நிலம் எடுக்கவென்றே 1978-இல் ஒரு சட்டம் வந்தது, 31ஆம் எண் சட்டம். அதன் பெயரிலேயே ‘அரிஜன்’ இருக்கிறது. அந்தச் சட்டத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது என்பதை மறுக்க மாட்டேன். மனை எங்கே கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டி, அல்லது அதையும் தாண்டி. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த கோட்டை நில அளவைப் புத்தகத்தில் அழுத்தமாக வரைந்தது சர்க்கார்தான்.

வேறு வழி தெரியாமலும் இல்லை. 1997-இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீடுகள். அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் இவை இருநூற்றுச் சொச்சம்தான்.

அம்பேத்கரே தனிக் குடியேற்றங்கள் கேட்டாரே என்று தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. கேட்டார், உண்மை. 1947-இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அதற்கென ஓர் ஆணையம் வேண்டும், அரசு நிலங்களை அதற்குக் கொடுக்க வேண்டும் என்றார். ஊர்க்காரர் வயலை நம்பிப் பிழைக்கும்வரை விடுதலை இல்லை என்பது அவர் கணக்கு. நமக்குக் கிடைத்தது இரண்டு மூன்று சென்ட். காலையில் எழுந்தால் அதே வயலுக்குத்தான் போக வேண்டும். 1892-இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களை மீட்டுத் தரும் பேச்சு இந்தப் பெயர் மாற்றத்தோடு சேர்ந்து வந்திருந்தால் என் மகிழ்ச்சி இன்னும் கூடியிருக்கும்.

எங்கள் தெருப் பலகைக்கும் வெள்ளையடித்துவிட்டார்களாம். அம்மா போனில் சொன்னார். கூடவே தம்பி கல்யாணப் பேச்சும் வந்தது. 1980களில் தாத்தாவுக்குக் கொடுத்த மூன்று சென்டில் இப்போதே இரண்டு குடும்பம் இருக்கிறது. தம்பி மனைக்கு மனு எழுதியிருக்கிறான். பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால், ஊருக்குள் காலியாகக் கிடக்கும் நத்தம் புறம்போக்கில் இடம் கேட்டிருக்கிறான். மனுவை வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு, ‘ஏம்ப்பா, அங்கயா கேக்குற? உங்க பக்கமே பாத்து எழுதிக் குடு’ என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதே மனுவை அடுத்த கிராமசபையில் கொடுக்கப் போகிறான். நானும் ஊருக்குப் போகிறேன்.