தலைவர் போனார், கிராமசபைக்கு ஆள் எங்கே?

தேனி மாவட்டத்தில் 130 கிராம பஞ்சாயத்துகள். 2019 டிசம்பர் 27, 30-ந்தேதிகளில் தேர்தல் நடந்தது. ஆளுக்கு 4 ஓட்டு. வார்டு உறுப்பினர், தலைவர், யூனியன், ஜில்லா என 4 கலர் சீட்டு!

ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதியோடு முடிந்தது. பொறுப்பு தனி அதிகாரி கைக்குப் போனது. 2016 அக்டோபரிலும் இதே கதைதான். அப்போது அடுத்த தேர்தல் வர 3 வருஷம் தாண்டியது. 5 வருஷம் முடிவதற்குள் தேர்தலை முடி என்கிறது அரசியல் சட்டம்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தலைவரை டீக்கடையிலேயே மடக்கிக் கேட்கலாம். தனி அதிகாரியை? யூனியன் ஆபீசுக்குத்தான் நடக்க வேண்டும்.

100 பேர் வேண்டும்

தலைவர் போனாலும் கிராமசபை போகாது. ஓட்டர் லிஸ்டில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். 2015-ல் போடி பக்கம் பொட்டிப்புரம் கிராமசபை நியூட்ரினோ திட்டத்தையே எதிர்த்து தீர்மானம் போட்டது.

ஜனத்தொகை 501 முதல் 3 ஆயிரம் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் சிக்கலே இதுதான். கூலி ஜனங்கள் விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒருநாள் நின்றால் கூலி போச்சு. கூட்டமோ பகலில்! மார்ச் 22, நவம்பர் 1 கூட்டங்களுக்கு லீவும் கிடையாது.

சாயங்காலம் ஜீப் திரும்பிய பிறகு கூட்டத்தை வையுங்கள் என்று கேட்கலாம். அந்தத் தீர்மானத்தைப் போடவும் பகல் கூட்டத்துக்கு 100 பேர் வர வேண்டும்.