எலிக்குக் குறி, யாருக்குக் குண்டு?

(நமது நகர நிருபர்)

சென்னையில் எலித் தொல்லை இல்லாத தெரு எது? மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள்; பருப்பு மூட்டையில் ஓட்டையைக் காட்டுவார். கார் வைத்திருப்பவரைக் கேளுங்கள். கடித்துப் போட்ட வயரைக் காட்டுவார். புழக்கடையில் பெருச்சாளி, அடுக்களையில் சுண்டெலி. ராத்திரி விளக்கை அணைத்தால் அவற்றின் ராஜ்ஜியம்தான்!

இதற்கு ஒரு புது வைத்தியம் செல்போன் வீடியோக்களில் ஓடுகிறது. வெள்ளைக்காரர் ஒருவர் கும்மிருட்டில் உட்கார்ந்து, ஏர் ரைபிளால் எலிகளைப் பொட்டுப் பொட்டென்று வீழ்த்துகிறார். துப்பாக்கியின் மேலே 'தெர்மல் ஸ்கோப்'. பார்க்கிறவருக்குக் கை ஊறத்தான் செய்யும். "நம்ம தோட்டத்திலும் போட்டுப் பார்த்தால் என்ன?" என்ற நினைப்பும் வரும்.

போட்டுப் பார்க்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது? சுட்டால் எலி ஒழியுமா?

சூட்டைக் காட்டும் கருவி

எந்தப் பொருளும் தன் சூட்டுக்குத் தகுந்தபடி கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியே விடுகிறது. அந்தக் கதிரை வாங்கிப் படமாகக் காட்டுவதுதான் இந்தக் கருவி. டார்ச் வேண்டாம். அமாவாசை இருட்டிலும் எலி பளிச்சென்று தெரியும்.

இங்கிலாந்துப் பண்ணைகளில் இது நன்றாக வேலை செய்கிறது என்றால், அங்கே ராத்திரி குளிர். தரை சில்லென்று கிடக்கும். எலியின் உடம்பு மட்டும் சுடும். சென்னையில் மே மாதம் அப்படியா? பகலெல்லாம் வெயில் குடித்த சுவரும் சிமெண்டுத் தரையும் ராத்திரி வெகுநேரம் வரை அனலை விடும். எலியின் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் வித்தியாசம் குறையும். படம் மங்கும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. சுவர், தகரம், கண்ணாடி இவற்றுக்குப் பின்னால் இருப்பதை இந்தக் கருவி காட்டாது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் கட்டில் போட்டுப் படுத்திருந்தாலும் தெரியாது.

தூரத்தில் தெரிவது ஒரு வெள்ளை உருவம். பெருச்சாளியா, பூனைக்குட்டியா? சென்னைத் தோட்டங்களில் மரநாயும் நடமாடுகிறது. எலியைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் ஆந்தையும் உண்டு. மரநாய், ஆந்தை இரண்டுமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் மேல் குண்டு பட்டால் வனத்துறை வந்து கதவைத் தட்டும்.

லைசென்ஸ் வேண்டுமா?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லி மீட்டருக்கும், குண்டு கிளம்பும் சக்தி 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். 5.5 மில்லி மீட்டர் குழல் என்றால் அது லைசென்ஸ் சரக்குதான்.

லைசென்ஸ் இல்லை என்பதால் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளுக்கு வரம்பு ஏறக்குறைய 16 ஜூல். நம் வரம்பு அதைவிட அதிகம். அங்கேயே, அடுத்தவர் சம்மதம் இல்லாமல் குண்டு நம் இட எல்லையைத் தாண்டினால் குற்றம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது.

நம் ஊரில் கை தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 125வது பிரிவு காத்திருக்கிறது. அஜாக்கிரதையாக நடந்து மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 3 மாதம் வரை ஜெயில். காயம் பட்டால் 6 மாதம் வரை. கொடுங்காயம் என்றால் 3 வருஷம் வரை. ஒரு கண் போனால் அது கொடுங்காயம். உயிரே போனால் 106வது பிரிவு. 5 வருஷம் வரை உள்ளே இருக்க வேண்டியதுதான்.

ஈயக் குண்டு கருங்கல்லிலும் சிமெண்டிலும் பட்டால் திரும்பித் தெறிக்கும். இங்கிலாந்துப் பண்ணையில் சுற்றிலும் வயல். நம் தெருவிலோ ஒரு வீட்டுச் சுவரில் இன்னொரு வீட்டு ஜன்னல். மொட்டை மாடியில் காற்றுக்குப் படுப்பவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், கொல்லைப்புறம் எழுந்து போகும் பிள்ளைகள். குறி எலிக்கு என்றாலும், குண்டுக்கு அது தெரியுமா?

மருந்தும் ஆபத்து

"அப்படியானால் மருந்து வைத்துவிடலாம்" என்பார்கள். குன்றத்தூரை மறந்துவிடக் கூடாது. 2024 நவம்பரில் அங்கே ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைக்கப்பட்டது. வைத்தவர்கள் பூச்சி ஒழிப்பு வேலை பார்க்கும் ஆட்கள். ராத்திரி ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் இறந்தார்கள். தாய் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். போலீசார் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். போன பிள்ளைகள் திரும்பவில்லை.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் இன்னொரு எமன். ஈரலைக் கெடுக்கும், அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. தமிழக அரசு அதற்குத் தடை போட்டிருக்கிறது. யாராவது மறைவாக நீட்டினால் வாங்காதீர்கள்.

கொன்றால் குறையுமா?

எலியின் கர்ப்பம் மூன்றே வாரம். ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி. அந்தக் குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானும் குட்டி போடும். ஒரு ராத்திரி பத்து எலியைச் சுட்டாலும், வளைக்குள்ளே அடுத்த செட் தயார்!

1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் என்ற விஞ்ஞானி இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார். எலிகளைக் கொன்றால், மிச்சம் இருக்கும் எலிகளுக்குத் தீனியும் இடமும் தாராளமாகிறது. அவை பெருகிப் பழைய கணக்குக்கே வந்து நிற்கின்றன. குப்பையை ஒழுங்கு செய்து, பொந்தை அடைத்த இடத்தில்தான் எலி குறைந்து நின்றது.

அவ்வளவு தூரம் எதற்கு? மும்பை மாநகராட்சியில் ராத்திரி எலி அடிக்கவே தனி ஆட்கள் உண்டு. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடி. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 30 எலி என்று கணக்கு. பல வருஷமாக அடிக்கிறார்கள். மும்பையில் எலி தீர்ந்ததா?

என்னதான் செய்வது?

எலி வருவது தீனிக்கு. தீனியை நிறுத்த வேண்டும். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழைந்தால் பெரிய எலியும் நுழையும். கம்பி வலை வைத்துச் சிமெண்டு பூசுங்கள். கடைக்காரர்கள் மூட்டையைச் சுவரை ஒட்டிப் போடாமல், பலகை மேல் தள்ளி அடுக்குங்கள். ராத்திரி எச்சில் இலையும் மிச்சச் சோறும் வாசலில் கிடக்க வேண்டாம். உள்ளே மாட்டிய எலிக்குப் பழைய கூண்டும் மசால்வடையும் போதும்.

வீட்டுக்காரர் பாதி வேலைதான் செய்ய முடியும். வழியும் குப்பைத் தொட்டியும், மூடி போன மழைநீர்க் கால்வாயும் மாநகராட்சி வேலை. மழைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். அதில் நடப்பவர் பணக்காரரா ஏழையா என்று பார்க்காது. தெருவில் குப்பை கிடந்தால் 1913க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள்.

தெர்மல் ஸ்கோப்பின் விலை பல ஆயிரம். அந்தக் காசில் ஒரு தெருவுக்கே மூடி போட்ட குப்பைத் தொட்டி வாங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்!