கங்காருக் கொடியும் விர்ஷோவிட்சே மக்களும்

நூற்றாண்டு விழா எடுக்க வேண்டிய 2005-ஆம் ஆண்டில், பிராக் நகரின் போஹேமியன்ஸ் கால்பந்துக் கழகம் கடனில் மூழ்கி மூச்சுத் திணறிக் கிடந்தது. இரண்டாம் நிலைத் தொடர் பாதி கடந்திருந்த வேளையில் அக்கழகம் போட்டியிலிருந்தே நீங்க நேர்ந்தது. செக் நாட்டில் முதலாளிகள் கைவிட்ட கழகங்கள் பல உண்டு; அவற்றுள் பெரும்பாலானவை அரவமின்றி மறைந்தன, அல்லது வேறோர் ஊரின் கழகத்தோடு கலந்து கரைந்தன. போஹேமியன்ஸ் மறையவில்லை. வாரந்தோறும் நுழைவுச் சீட்டு வாங்கி நின்றுகொண்டே ஆட்டம் பார்த்துவந்த எளிய மக்கள் உண்டியல் ஏந்தினர்; ஆதரவாளர் கூட்டுறவு அமைப்பு ஒன்றைத் தொடங்கினர்; அதில் திரண்ட பணத்தைக் கொண்டு கழகத்தை மீட்டனர். இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட இன்றும் அக்கழகம் நாட்டின் முதல்நிலைத் தொடரில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆயினும், அன்று அம்மக்கள் எழுப்பிய கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு கழகத்தின் பெயரும் களமும் சின்னமும் யாருக்கு உரியவை என்பதே அக்கேள்வி.

விர்ஷோவிட்சே இன்று பிராக் மாநகரின் ஒரு பகுதி. 1905-இல் இக்கழகம் பிறந்தபோது அது தனி ஊராக இருந்தது. மாநகரோடு இணைக்கப்பட்டது 1922-இல்தான். ஸ்லாவியா 1892-இலும் ஸ்பார்த்தா 1893-இலும் தோன்றிவிட்டன. தலைநகரின் பெருமையை அவ்விரண்டும் பகிர்ந்துகொண்டிருந்த காலத்தில், புறநகர் இளைஞர் தங்கள் ஊர்ப் பெயரையே சூட்டி ஒரு கழகம் கண்டனர். முதல் இருபது ஆண்டுகளில் அதன் புகழ் ஊர் எல்லையைப் பெரிதாகத் தாண்டவில்லை.

தாண்டியது 1927-இல். ஆஸ்திரேலியாவில் ஆடுவதற்கு ஓர் ஐரோப்பியக் குழுவை அந்நாட்டார் அழைத்தபோது, அவ்வாய்ப்பு விர்ஷோவிட்சேக்குக் கிட்டியது. ஆங்கிலம் பேசுவோர் நாவில் விர்ஷோவிட்சே என்னும் பெயர் எளிதில் நுழையாது; எனவே அந்நெடும் பயணத்துக்கென்று போஹேமியன்ஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. கடல் கடந்து போய்ப் பல நகரங்களில் ஆடிய அக்குழுவினருக்கு இரண்டு உயிருள்ள கங்காருகள் பரிசாகக் கிடைத்தன. பயணத்துக்காக வைத்த பெயரே கழகத்தின் நிலைத்த பெயராயிற்று. கங்காரு அதன் சின்னமாயிற்று. பச்சையும் வெள்ளையும் கலந்த சட்டையில் இன்றும் அந்த விலங்கைக் காணலாம். கடலே இல்லாத ஒரு நாட்டின் சிறுபகுதி மக்கள், பூமியின் மறுபுறத்து விலங்கொன்றைத் தம் குலச்சின்னம் போலப் போற்றி வருவது உலகக் கால்பந்து வரலாற்றில் அரிய காட்சி.

1932-இல் அவர்களுக்குச் சொந்தக் களம் அமைந்தது. போட்டிச் என்னும் ஓடையின் அருகே, வீடுகளின் நெருக்கத்துக்கு நடுவே அமைந்த அக்களத்தை மக்கள் த்யோலிச்செக் என்று செல்லமாக அழைக்கின்றனர். அங்கே பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. களத்தின் ஓரத்தில் நின்று ஒருவர் குரல் கொடுத்தால் பந்தைத் துரத்துபவன் காதில் விழும். ஊரோடு ஒட்டி வளர்ந்த இந்த நெருக்கமே பின்னாளில் கழகத்தைக் காத்தது என்று நாம் கருதுகிறோம்.

அதன்பின் வந்தவை கடுங்காலங்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஆங்கிலச் சாயல் கொண்ட பெயர் ஆகாது என்பதால் 1940-இல் போஹேமியா என்று பெயர் திருத்தப்பட்டது. போர் முடிந்ததும் பழைய பெயர் மீண்டது, அதுவும் நீடிக்கவில்லை. 1948-இல் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு விளையாட்டுக் கழகங்கள் யாவும் ஆலைகளோடும் அரசுத் துறைகளோடும் பிணைக்கப்பட்டன. இக்கழகம் சிலகாலம் இருப்புப்பாதைத் தொழிலாளர் பெயரையும், சிலகாலம் ஸ்பார்த்தக் பிராக் ஸ்தாலின்கிராத் என்ற பெயரையும், 1961 முதல் செகாதே என்னும் பெரும் பொறியியல் ஆலையின் பெயரையும் சுமந்தது. 1965-இல் ஆலையின் பெயரோடு போஹேமியன்ஸ் என்பதும் மீண்டும் சேர்ந்தது. ஆட்சியாளர் எழுதிய பலகைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருந்தாலும், மக்கள் நாவில் அது போஹேம்கா என்னும் செல்லப்பெயரோடே இருந்தது.

இக்கழகத்தின் பெயரை உலகெங்கும் கொண்டு சேர்த்தவர் அந்தோனின் பானென்கா. 1967 முதல் 1981 வரை பச்சை வெள்ளைச் சட்டை அணிந்த நடுக்கள ஆட்டக்காரர் அவர். 1976-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் பெல்கிரேடில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் எதிரணி, உலகக் கோப்பையையும் ஐரோப்பியக் கோப்பையையும் ஒருசேர வைத்திருந்த மேற்கு ஜெர்மனி. கூடுதல் நேரமும் முடிந்து ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமனில் நின்றது. பெனால்டி உதைகளில் ஜெர்மனியின் ஊலி ஹோனஸ் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். கடைசி உதை பானென்காவுக்கு வந்தது. வேகமாக ஓடிவந்த அவர், காவலர் செப் மையர் ஒருபக்கம் பாய்ந்துவிட்ட நொடியில், பந்தின் அடியை மெல்லத் தொட்டு, நடுவே மிதக்கவிட்டு, வலைக்குள் இறங்கச் செய்தார். ஐந்துக்கு மூன்று என வெற்றி. உலகில் எங்கு எவர் அவ்வாறு உதைத்தாலும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

அவ்வுதை ஒரு கணத்துத் துணிச்சலால் விளைந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது கழகத்தின் அன்றாட உழைப்பில் விளைந்தது. பயிற்சி முடிந்து மற்றவர் வீடு திரும்பிய பின்னும் பானென்கா தம் கழகத்தின் காவலர் ஸ்தெனெக் ஹ்ருஷ்காவோடு களத்திலேயே தங்கிப் பெனால்டி உதைகளைப் பழகுவார். சாக்லேட்டோ பீரோ பந்தயம் வைத்து இருவரும் மோதிக்கொள்வர். ஹ்ருஷ்கா திறமையானவர், பந்தயத்தில் அடிக்கடி வெல்பவரும் அவரே. அவரை ஏமாற்ற வழி தேடியபோதுதான், காவலர் எப்படியும் ஒருபக்கம் பாயத்தானே போகிறார், நடுவே மெல்ல அனுப்பினால் என்ன என்ற எண்ணம் பானென்காவுக்குத் தோன்றியது. பெல்கிரேடில் உலகம் கண்டது, சிறிய களத்தில் இரு நண்பர்கள் பல மாதங்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஆட்டம். மூத்த ஆட்டக்காரரை மட்டுமே அரசு வெளிநாடு செல்ல விட்ட காலம் அது. முப்பத்திரண்டாம் அகவையில்தான் அவர் வியன்னாவின் ராப்பித் கழகத்துக்குச் செல்ல முடிந்தது. பின்னர் அவர் தம் பழைய கழகத்துக்கே தலைவராகத் திரும்பினார்.

அவர் சென்ற இரண்டே ஆண்டுகளில், 1983-இல், கழகம் தன் ஒரே தேசியப் பட்டத்தை வென்றது. 1962 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய தோமாஷ் போஸ்பீஹால் அப்போது பயிற்சியாளர். வலையைக் காத்தவர் அதே ஹ்ருஷ்கா. பாவெல் ஹலௌப்கா, ஸ்தானிஸ்லாவ் லெவீ, பிராந்திஷேக் யாகுபெத்ஸ் ஆகியோர் முன்னணி வீரர்கள். அதே பருவத்தில் யூஃபா கோப்பையில் பிரான்சின் செந்த் எத்தியேனையும் ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைட்டெட்டையும் வெளியேற்றி அரையிறுதி வரை சென்றனர். அங்கே அவர்களை வீழ்த்திய பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் கோப்பையையும் கைப்பற்றியது.

1989-இல் பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்த பின் ஆலைகளின் ஆதரவு வற்றியது. இராணுவத்தின் கழகமாக இருந்து பதினொரு பட்டங்கள் வென்ற துக்லா பிராக், யோசெஃப் மசோபுஸ்த் போன்ற மாவீரரை உலகுக்கு அளித்த துக்லா, 1994-இல் முதல்நிலைத் தொடரிலிருந்து விழுந்து, 1996-இல் பிரீப்ராம் நகரின் கழகத்தோடு இணைந்து தலைநகரை விட்டே அகன்றது. பின்னர் அப்பெயரில் புதிய கழகம் தலைநகரில் எழுந்தது என்றாலும், இடையே அறுந்த தொடர்ச்சியை யாராலும் முழுதாக ஒட்ட இயலவில்லை. அதற்கு இராணுவம் இருந்தது, ஊர் இருக்கவில்லை. போஹேமியன்ஸின் நிலை இதற்கு நேர்மாறு. ஆலை கைவிட்டது, முதலாளிகள் கைவிட்டனர், ஊர் கைவிடவில்லை.

எனினும், 2005-இன் மீட்பு எளிதாக முடியவில்லை. மூன்றாம் நிலைத் தொடரில் தொடங்கிய கழகம் இரண்டே ஆண்டுகளில் படிப்படியாக ஏறி 2007-இல் முதல்நிலைக்குத் திரும்பியது. இதற்கிடையே, கழகத்தின் பெயரும் சின்னமும் பழைய விளையாட்டு மன்றம் ஒன்றின் உடைமையாகப் பதிவாகியிருந்தன. அம்மன்றம் அவற்றை நகரின் மறுகோடியில் இருந்த ஸ்த்ரீஷ்கோவ் கழகத்துக்குப் பயன்படுத்தக் கொடுத்தது. 2009-10 பருவத்தில் இரண்டு போஹேமியன்ஸ் ஒரே தொடரில் நின்றன. விர்ஷோவிட்சேயை எதிர்த்து ஆட வேண்டிய நாளில் ஸ்த்ரீஷ்கோவ் அணி களமிறங்க மறுத்தது. புள்ளிகளை இழந்து, அப்பருவத்தின் முடிவில் கீழிறங்கியது. நீதிமன்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. நூறாண்டுப் பெயரை, அப்பெயருக்காக வியர்வை சிந்தியவர்களிடமிருந்து பிரித்து, ஒப்பந்தத்தில் கைமாற்ற முடியும் என்ற நிலையே அநீதியானது. அந்நிலைக்கு இடமளித்த விதிகளைக் கால்பந்துச் சங்கங்கள் இன்னும் நன்கு ஆராய வேண்டும்.

பெயர்ச் சண்டை ஓயும் முன்னரே களத்தின் சிக்கல் முற்றியது. த்யோலிச்செக் நிலம் தனியார் கைக்கு மாறியிருந்தது. மாநகரின் நடுப்பகுதிக்கு அருகே, பூங்காவும் ஓடையும் சூழ்ந்த நிலத்தின் விலை எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே குடியிருப்புகள் எழும்பும் என்ற அச்சம் ஊரெங்கும் பரவியது. 2010 முதல் இரண்டு பருவங்கள் கழகம் தன் களத்தை விட்டு, அதே பகுதியிலுள்ள ஸ்லாவியாவின் ஏடென் அரங்கில் ஆட நேர்ந்தது. அண்டை வீட்டார் என்றாலும் ஸ்லாவியா எதிரணி; எதிரணியின் வீட்டைத் தம் வீடு என்று சொல்ல ஆதரவாளர் மனம் ஒப்பவில்லை. பலர் அங்கே செல்லவே மறுத்தனர். களம் காக்க ஊர்வலம் போயினர். 2012-இல் கழகம் த்யோலிச்செக்குக்குத் திரும்பியது. 2016-இல் பிராக் 10 பகுதி மன்றம் 12 கோடி கொருனாவுக்கு மேல் கொடுத்து அக்களத்தை விலைக்கு வாங்கியது. மக்கள் வரிப்பணத்தில் ஒரு கால்பந்துக் களமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தனர். அம்முடிவு சரியானது என்றே நாம் உறுதியாகச் சொல்வோம். நூலகத்தையும் பூங்காவையும் பொதுச்சொத்தாகக் காக்கும் நகரம், நான்கு தலைமுறையினர் ஒன்றுகூடிய இடத்தையும் காப்பது முறையே.

இன்றைய நிலை பெருமையும் கவலையும் கலந்தது. 2013 முதல் கழகம் இடையறாது முதல்நிலைத் தொடரில் இருக்கிறது. 2022-23 பருவத்தில் நான்காம் இடம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் ஐரோப்பியப் போட்டியில் கால்பதித்தது. நார்வேயின் பூடோ கிளிம்ட் அணியிடம் தோற்றபோதும் அந்தக் கோடை விர்ஷோவிட்சேக்குத் திருவிழாவாக அமைந்தது. ஆயினும் ஸ்லாவியாவும் ஸ்பார்த்தாவும் பெருஞ்செல்வர்களின் பின்பலத்தோடு ஆடுகின்றன. சில ஆயிரம் பேரை மட்டுமே கொள்ளும் பழைய களத்தின் வருவாயைக் கொண்டு அவற்றோடு போட்டியிடுவது கடினம். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் உருவானால் அவனை விற்றே அடுத்த ஆண்டை ஓட்ட வேண்டியிருக்கிறது. கழகத்தை மீட்ட கூட்டுறவு அமைப்பு இன்றும் பங்குதாரராகத் தொடர்கிறது. ஆனால் பெரும்பங்கு அதனிடம் இல்லை.

பழைய இருக்கைகளும் குறுகிய வாயில்களும் கொண்ட களத்தை இப்படியே நெடுங்காலம் ஓட்ட முடியாது. தொடர் அமைப்பாளர்கள் கேட்கும் வசதிகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகின்றன. திட்டங்கள் வரையப்படுகின்றன, பேசப்படுகின்றன, தள்ளிப்போகின்றன. பெரிய அரங்கம் வேண்டுமானால் நகருக்கு வெளியே செல்லலாமே என்று கணக்குப் பார்ப்போர் எளிதாகச் சொல்லிவிடுவர். துக்லாவுக்கு நேர்ந்ததை அறிந்தவர் அவ்வாறு சொல்லத் துணியார். த்யோலிச்செக் அதே ஓடைக்கரையில், அதே அளவில், புதுப்பித்துக் கட்டப்பட வேண்டும். அதன் நிலம் இனி எந்த ஆட்சியிலும் விற்பனைக்கு வராதவாறு மாநகர அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கழக நிர்வாகத்தில் ஆதரவாளர் கூட்டுறவுக்கு, அதன் பங்கு எவ்வளவு சிறிதாக இருப்பினும், நிலையான ஓர் இருக்கை அளிக்கப்பட வேண்டும். 2005-இல் உண்டியலில் காசு போட்டவர்களுள் பலர் இன்று முதியோர்; அவர்கள் கண்முன்னே இம்மூன்றும் நிறைவேற வேண்டும். அதற்குரிய அதிகாரம் பிராக் மாநகர அவையிடமும் கழகத்தின் பெரும்பங்குதாரரிடமும் இருக்கிறது.