சக்கரத்தின் மேல் வீடு, சாலையின் நடுவே எல்லை

வீடு நிற்பது, வண்டி ஓடுவது. நாம் சிறுவயதிலேயே அறிந்துகொண்ட இந்த வேறுபாட்டை அமெரிக்கர்கள் ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை, குளிர்பதனப் பெட்டி அனைத்தையும் ஒரு பேருந்தின் வயிற்றுக்குள் அடக்கி அதற்கு மோட்டார் ஹோம் என்று பெயரிட்டார்கள். சொந்த எஞ்சின் இல்லாமல் வேறொரு வண்டியின் பின்னால் இழுபட்டுச் செல்லும் வீட்டை டிரெய்லர் என்றார்கள். பெரிய மோட்டார் ஹோம் 40 அடி நீளமும், எட்டரை அடி அகலமும், 12 அல்லது 13 அடி உயரமும் இருக்கும். போதாததற்கு, ஊருக்குள் சுற்றிவர ஒரு சிறு காரையும் அதன் வாலில் கட்டிக்கொள்வார்கள்.

இத்தகைய வீடு ஒன்று கனடா எல்லைக்கோ மெக்சிகோ எல்லைக்கோ வந்து சேரும்போது நடப்பதென்ன? இது உல்லாசப் பயணிகளின் தொல்லை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனிதனின் வீட்டுக்குள் அரசாங்கம் எப்போது நுழையலாம் என்ற பழைய கேள்வி, இந்த இடத்தில்தான் நான்கு சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் ஓட்டுநரின் பாட்டைப் பார்ப்போம். சாவடியை நெருங்கும்போது சாலை பல தடங்களாகப் பிரிகிறது. தடத்துக்குத் தடம் இருபுறமும் சிமெண்டுச் சுவர், இரும்புத் தூண். தவறான தடத்தில் கார் நுழைந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். மோட்டார் ஹோமின் கதை வேறு. அதன் பின்பகுதி பின்சக்கரங்களுக்கு அப்பாலும் நெடுந்தூரம் நீண்டிருப்பதால், இடப்புறம் திருப்பினால் வால் வலப்புறம் வீசும். முன்னால் மயிரிழையில் தப்பியவர் பின்னால் தூணில் உரசுவார். டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுவதோ தனிக்கலை. அது எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அதற்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கைத் தொடங்க வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துவரும் காரைப் பின்னுக்குத் தள்ளவே முடியாது. தள்ளினால் அதன் முன்சக்கரங்கள் தாமே கோணிக்கொள்ளும், இழுகம்பி வளையும். ஆகவே வழி தவறியவர் இறங்கி, கொக்கியைக் கழற்றி, காரை வேறொருவர் ஓட்ட, வீட்டை அங்குலம் அங்குலமாகப் பின்வாங்க வேண்டும். அதுவரை பின்னால் நிற்கும் அத்தனை பேரின் பொறுமையும் சோதிக்கப்படும்.

இதற்கு ஓட்டுநரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எந்தத் தடம் பெரிய வண்டிக்கு, அதன் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்பதைச் சாவடியின் வாசலில் எழுதி வைத்துப் பயன் என்ன? இரண்டு மைல் முன்னதாக எழுதி வைக்க வேண்டும். டெட்ராய்ட்டையும் வின்சரையும் ஆற்றுக்கடியில் இணைக்கும் சுரங்கச் சாலை 1930ஆம் ஆண்டிலும், அதே ஊர்களை இணைக்கும் அம்பாசிடர் பாலம் 1929ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டவை. ஓடும் வீடுகளை எண்ணி அன்று யாரும் அளவெடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது சுங்க அதிகாரியின் பாடு. சாதாரணக் காரில் பெட்டியைத் திறந்தால் போதும். இங்கோ ஒரு குடித்தனத்தையே சோதிக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் உள்ள பழமும் இறைச்சியும் எங்கே விளைந்தவை? விறகுக்கட்டு இருக்கிறதா? (விறகுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி ஒரு காட்டையே அழிக்கவல்லது, இதில் அதிகாரிகள் கண்டிப்புக் காட்டுவது முற்றிலும் சரி.) நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று உண்டா? துப்பாக்கி உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி அலாஸ்காவுக்குச் செல்வோருக்குப் பெரிய தலைவலி. அவர்கள் தம் சொந்த நாட்டின் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத்தான் போகிறார்கள். ஆனால் தரைவழியில் நடுவே கனடா கிடக்கிறது. தம் ஊரில் தலையணைக்கடியில் வைத்திருந்த கைத்துப்பாக்கி, கனடா வாசலில் குற்றப்பொருளாகிவிடுகிறது.

நம் ஆங்கில இலக்கிய மாணவர்கள் ஜான் ஸ்டைன்பெக்கை அறிவார்கள். அவர் 1960ஆம் ஆண்டில் லாரி மேல் அமைத்த சிறு வீட்டில், சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்து, 1962இல் அதை நூலாக வெளியிட்டார். வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோசினான்டே, அதாவது டான் குவிக்சோட்டின் குதிரை. நயாகராவுக்கருகே கனடாவுக்குள் நுழையப் போனவரை அங்கிருந்த அதிகாரி அன்புடன் எச்சரித்தார்: நாய்க்குத் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால், திரும்பும்போது உங்கள் நாடே உங்களை விடாது என்று. ஸ்டைன்பெக் வண்டியைத் திருப்பினார். நுழையாத நாட்டிலிருந்து திரும்பியவரை அமெரிக்க அதிகாரிகள் விசாரித்தார்கள்! அந்நூலில் கற்பனை கலந்திருக்கிறது என்போர் உண்டு. இந்த நிகழ்ச்சியை மட்டும் நம்ப எனக்குத் தயக்கமில்லை.

மெக்சிகோ பக்கம் வேறு விதம். உள்நாட்டுக்குள் செல்லும் அயல்நாட்டு வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி வேண்டும். அதை வழங்குவது பான்ஹெர்சிட்டோ என்ற இராணுவ வங்கி. காருக்கு 180 நாள் அனுமதி. மோட்டார் ஹோமுக்கோ 10 ஆண்டு! அமெரிக்காவில் எடுத்த காப்பீட்டை மெக்சிகோ சட்டம் ஏற்பதில்லை. தனியே எடுக்க வேண்டும். காகித வேலை மிகுதிதான். ஆனால் ஒரு நன்மையைக் கவனியுங்கள்: ஓடும் வீடு காரைப் போன்றதன்று, அது தனி இனம் என்பதை அந்த நாட்டு விதியாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கச் சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1985ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கார்னி வழக்கில் தீர்ப்பளித்தது. சான்டியாகோ நகரின் நடுவே ஒரு நிறுத்துமிடத்தில் நின்றிருந்த மோட்டார் ஹோமுக்குள், நீதிமன்ற ஆணை இல்லாமல் அதிகாரி நுழைந்து போதைப்பொருளைக் கண்டெடுத்தார். அது வீடா, வண்டியா? நினைத்த மாத்திரத்தில் ஓடிவிடக்கூடியது, ஆகவே வண்டிதான். காரைச் சோதிப்பதற்கு 1925 முதல் உள்ள விலக்கு இதற்கும் பொருந்தும் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூவர் மறுத்தார்கள். அவர்கள் சார்பில் எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், திரை இழுத்து மூடி நின்றிருந்த ஓர் இருப்பிடத்துக்குள் நுழையுமுன் ஆணை பெறுவதற்கு என்ன தடை இருந்தது என்று கேட்டார். கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, மின்சாரமும் நீரும் இணைத்துக் குடியிருந்தால் என்ன என்பதைப் பெரும்பான்மையினர் அன்று முடிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள்.

என் கருத்து இது: நாட்டின் உள்ளே ஸ்டீவன்ஸ் சொன்னதே சரி, எல்லையில் அதிகாரி சொல்வதே சரி. எல்லைக்கு வீட்டோடு வந்து நிற்பவர் தாமாக வந்து நிற்கிறார். சுவருக்கும் தரைக்கும் நடுவே எத்தனையோ இடுக்குகள் உள்ள அந்த வண்டியைத் திறந்து பார்க்காமல் விட்டால், கடத்தல்காரன் நாளைக்கே ஒரு மோட்டார் ஹோம் வாங்கிவிடுவான். எல்லையில் எரிபொருள் தொட்டியைக் கழற்றிப் பார்க்கவும் முன்சந்தேகம் தேவையில்லை என்று அதே நீதிமன்றம் 2004இல் ஒருமனதாகச் சொன்னதையும் நான் குறை கூறேன். ஆனால் சோதிக்கும் உரிமை வேறு, சோதிக்கும் முறை வேறு. உரிமையாளரை வெயிலில் நிறுத்திவிட்டு அவர் படுக்கையைப் புரட்டக்கூடாது. அவர் கண்முன் செய்ய வேண்டும். அது ஒருவருடைய படுக்கை.

பலருக்கு இன்று அது ஒன்றே படுக்கை. வாடகை கொடுக்க இயலாமல் வேனிலும் டிரெய்லரிலும் வாழும் முதியோரைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய ‘நோமாட்லேண்ட்’ நூலும், அதை ஒட்டி வந்த திரைப்படமும் உலகறிந்தவை. குளிர்காலத்தில் இவர்கள் அரிசோனா பாலைவனத்தின் குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு அங்கே வழக்கமான பல் வைத்தியத்துக்கு உதவாது. எனவே மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனஸ் என்னும் எல்லை ஊருக்குப் போகிறார்கள். சிற்றூரே ஆயினும், பல் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே உண்டு.

எப்படிப் போகிறார்கள் தெரியுமா? வீட்டை ஓட்டிக்கொண்டு அல்ல. கலிபோர்னியா பக்கத்தில் ஆண்ட்ராடே சாவடிக்கருகே, குவெச்சான் பழங்குடியினர் நடத்தும் நிறுத்துமிடத்தில் கட்டணம் செலுத்தி வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தே எல்லையைக் கடக்கிறார்கள். திரும்பி வரும்போது கடவுச்சீட்டும் மருந்துப் பையும் கையிலிருக்க, கால்நடை வரிசையில் நிற்கிறார்கள். தடமும் தூணும் இழுகம்பியும் அவர்களுக்கு இல்லை. ஆனால் தாம் இல்லாத நேரத்தில் அந்த நிறுத்துமிடத்தில் நிற்கும் தம் வீட்டுக்கு, 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, ஒரு காருக்குள்ள காப்பு மட்டுமே உண்டு.